கடைசிப் புளியங்கொட்டை

அந்தப் பெண் முதன்முதலாக எங்கள் தெருவுக்குள் வந்தபோது, கர்ப்பத்தடை ஆபரேசனுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துப் பாதி வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. அந்த வருடங்களில் சின்னாளப்பட்டிக்குள் தாள் செருகின அட்டையும் பேனாவுமாக ஒரு பொம்பளை நுழைந்தால் அதற்குத்தான் என்று எங்களுக்கு ஒரு எண்ணம். நானும் சாத்தினேன். அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டி, "ஏனுங்க்கா, நான் அதுக்கு வரலைங்க, படிக்கிற பொண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். பேச்சை வைத்து ஒட்டன்சத்திரத்துப் பக்கம் என்று தெரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு கதவுக்கு இத்தனை 'ங்க' போட மாட்டார்கள்.

ஊருக்குப் பக்கத்திலேயே இருந்த கல்லூரியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். என்ன படிப்பு என்று கேட்டதற்கு, "மனுசங்க கூட்டமாச் சேர்ந்தா எப்படி நடந்துக்கறாங்க, அதுல ஒவ்வொருத்தரும் எந்த அளவுக்குத் தன் இஷ்டத்துக்கு நடக்கறாங்கங்கறதைக் கணக்காப் போட்டுக் காட்டற படிப்புங்க" என்றாள். "அதுக்கு ஒரு படிப்பா, நாலு நாளு குழாயடியில நின்னாப் போதாதா" என்று என் நாத்தனார் கேட்டார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "அதுக்குத்தானுங்க வந்திருக்கேன்" என்றாள்.

என் நாத்தனாரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரருக்கு மூத்தவர். பக்கத்து வீடுதான். என் வீட்டில் குழம்பு கொதித்தால் அவர் வீட்டிலிருந்து உப்பு சரியா என்று கேட்பார். அப்போது எனக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். அதுவரைக்கும் நாலு பேர் முன்னால் நான் முழுசாக ஒரு வாக்கியம் பேசியதில்லை. பேச வேண்டியதை எல்லாம் அவரே எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவார். அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

எங்கள் தெருவில் நாற்பது வீடு. ஆம்பளைகள் தறியில் இருப்பார்கள். நாங்கள் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவோம். வெள்ளைத் துணியைச் சிட்டிகை சிட்டிகையாகக் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது. சாயப்பட்டறையில் முக்கி எடுத்து முடிச்சை அவிழ்த்தால் கட்டின இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். சித்திரையில் தெரு அம்மனுக்குத் திருவிழா. சட்டியில் பயறு முளைக்கவிட்டு, வீட்டுக்கு ஒரு முளைப்பாரி என்று நாற்பது பொம்பளைகளும் தலையில் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போவோம். நாற்பது பேரும் ஒரே நிறத்தில் சேலை கட்ட வேண்டும். அதுதான் எங்கள் தெருவின் பெருமை. அடுத்த தெருக்காரிகள் கண்ட கண்ட நிறத்தில் வருவார்கள், நாங்கள் அப்படி இல்லை.

அந்தப் பெண் பிடித்துக்கொண்டது இதைத்தான். "எந்த நிறம்னு யாருங்க முடிவு பண்றது?"

பங்குனி பிறந்ததும் குழாயடியில் பேச்சு தொடங்கும். நாலைந்து நாளில் ஏதோ ஒரு நிறத்தில் வந்து நின்றுவிடும். யார் நிறுத்தினார்கள் என்று யாரும் பார்த்ததில்லை. ஒருத்தி அடுத்தவளைக் கை காட்டினாள், அவள் இன்னொருத்தியைக் காட்டினாள். அந்தப் பெண் அட்டையில் ஆளுக்கு ஒரு புள்ளி வைத்து, யார் யாரைக் காட்டுகிறார்களோ அந்தப் பக்கம் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனாள். கடைசியில் அம்பெல்லாம் சுற்றி வந்து தொடங்கின இடத்திலேயே நின்றது. அட்டையைப் பார்த்தால் குடம் வைக்கிற சும்மாடு மாதிரி இருந்தது.

அப்புறம் வேறு மாதிரி கேட்டாள். குழாயடியில் எல்லோரையும் வைத்துக்கொண்டு, "எத்தனை பேரு அந்த நிறத்தைக் கட்டுனா நீங்களும் கட்டுவீங்க? ஆளுக்கு ஒரு எண் சொல்லுங்க" என்றாள்.

தெருவின் முதல் வீட்டு மதினி குடத்தை இறக்காமலே சொன்னார். "எனக்கு எவளும் கட்ட வேணாம். நான் கட்டுனா மத்தவளுக கட்டுவாளுக."

"அப்ப உங்களுக்கு சைபர்ங்க்கா."

"என்னது, எனக்கு சைபரா?" என்று அவர் முகம் மாறியது. சைபர்தான் எல்லோருக்கும் முன்னால் போகிற ஆள் என்று அந்தப் பெண் விளக்கினாள். விளங்கினதும் என் நாத்தனார் முன்னே வந்தார்.

"அப்ப எனக்கும் சைபர் போடு."

"போன வருசம் என்னையப் பாத்துத்தான கட்டுன. உனக்கு ஒண்ணு" என்றார் முதல் வீட்டு மதினி.

"நான் எதுக்குடி உன்னையப் பாக்கணும், உன் சேலையில பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

சைபருக்காக இம்புட்டுச் சண்டை நடந்தது அந்தக் குழாயடியில் மட்டும்தான் இருக்கும். ஒருவழியாக முதல் வீட்டு மதினிக்கு சைபர், என் நாத்தனாருக்கு ஒன்று என்று முடிந்தது. மற்றவர்கள் இரண்டு, ஐந்து, பத்து என்று சொன்னார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த பிள்ளை ஒன்று, "எங்க மாமியா எப்ப சொல்றாங்களோ அப்ப" என்றது. அதற்கு ஒரு எண் போட அந்தப் பெண் ரொம்பத் திண்டாடினாள்.

என் முறை வந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு பதில் இருந்தது. தைமாசம் சாயப்பட்டறையில் கிளிப்பச்சைக்கு வைத்த சாயம் கூடிப்போய், குளத்துப் பாசி மாதிரி ஒரு பச்சையாக இறங்கிவிட்டது. கடைக்காரர் எடுக்க மாட்டேன் என்றார். அந்தச் சேலைகளை வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு பெட்டிக்கு அடியில் போட்டார்கள். எனக்கு வந்தது நான் எனக்கென்று முடிச்சுப் போட்ட சேலையேதான். கடைக்காரர் கேட்கிற கட்டம் இல்லை, வட்டம் இல்லை. கை போன போக்கில், அடைமழை தொடங்குகிற மாதிரி முந்தியில் அள்ளித் தெளித்து, கீழே வர வர ஒன்றிரண்டாக விட்டுப் போட்ட புள்ளி. அந்தப் பச்சையில் அது எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். அத்தனை வருடத்தில் நான் முடிச்சுப் போட்டு நான் கட்டப்போகிற சேலை அது ஒன்றுதான். முளைப்பாரிக்கு அதைக் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அந்த வருடம் தெரு அரக்கு நிறத்தில் வந்து நின்றிருந்தது.

"சொல்லுங்க்கா, உங்களுக்கு எத்தனை?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நாத்தனார் சொல்லிவிட்டார். "இவளா? தெருவுல முப்பத்தொம்பது பேரும் கட்டி, அவளுக நெசமாத்தான் கட்டிருக்காளுகளான்னு ஒரு தரம் எட்டிப் பாத்துட்டு, அதுக்கப்புறம் கட்டுவா."

குழாயடியே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. அந்தப் பெண் என் புள்ளிக்குப் பக்கத்தில் முப்பத்தொன்பது என்று எழுதினாள். அன்றைக்கிலிருந்து அதுவே என் பெயராகிவிட்டது. "முப்பத்தொம்பது வந்தாச்சு, குடத்தைத் தள்ளிக்கங்கடி" என்பார்கள். என் எண் எனக்குத் தெரிகிறதோ இல்லையோ, தெருவில் குழந்தைகுட்டிக்கெல்லாம் தெரிந்துபோனது.

மறுநாள் வெயிலுக்கு என் வீட்டில் வந்து உட்கார்ந்தாள் அந்தப் பெண். நான் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். நாற்பது கொட்டை கேட்டாள். தரையில் வரிசையாக வைத்தாள். "இந்த மொதக் கொட்டை சைபர் அக்கா. இது நகர்ந்தா அதைப் பாத்து ஒண்ணு நகரும். ரெண்டும் நகர்ந்தா ரெண்டுன்னு சொன்னவங்க நகருவாங்க. இப்படியே போகும்." ஒவ்வொன்றாக விரலால் தள்ளினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வண்டி மாடு ஒன்றன்பின் ஒன்றாகப் போகிற மாதிரி. கடைசியில் ஒரு கொட்டை மட்டும் தனியாகக் கிடந்தது. சுவரோரமாக, கொஞ்சம் சொத்தையாக வேறு இருந்தது.

"இது நானா?"

"ஆமாங்க்கா."

"இது தானா நகராதா தாயி?"

"கொட்டைக்கு ஏதுங்க்கா காலு" என்று சிரித்தாள். அப்புறம் யோசித்துவிட்டு, "ஆளுன்னா நகரலாம்ங்க. ஆனா நகர்ந்தா யாரைப் பாத்து நகர்ந்தாங்கன்னு நான் காட்டணும். காட்டலைன்னா எங்க காலேஜு சார் ஒத்துக்க மாட்டாருங்க. நாப்பது பேரும் அரக்குத்தான் கட்டுவாங்க, இந்த வரிசையிலதான் கட்டுவாங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள்.

எனக்கு அவள்மேல் கோபம் ஒன்றும் இல்லை. தங்கமான பிள்ளை. நான் குடுத்த பருப்புச் சோறைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பாள். ஆனால் அவள் போனபிறகு அந்தக் கொட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இது தானாக நகராது என்று ஒரு பிள்ளை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறதே என்று இருந்தது. அதுவரைக்கும் பச்சைச் சேலை வெறும் ஆசைதான். அன்றைக்குத்தான் கட்டுவதென்று முடிவாயிற்று.

என் திட்டம் ரொம்பச் சின்னது. வரிசையில் நான் எப்போதும் கடைசியாகத்தான் நிற்பேன். முன்னால் முப்பத்தொன்பது அரக்கு போகும், கடைசியில் ஒரு பச்சை போனால் யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள். பார்த்தாலும் முளைப்பாரியை இறக்கி வைத்த பிறகுதான் வைவார்கள். அதற்குள் நான் கட்டினது கட்டினதாக ஆகிவிடும்.

திருவிழாவன்று சாயங்காலம் நாலு மணிக்குப் புறப்பாடு. மூன்று மணிக்கே பச்சையைக் கட்டிவிட்டேன். தறியில் இருந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, இந்த வருசம் பச்சையா?" என்றார். "ம்" என்றேன். "சரி" என்று மறுபடி குனிந்துகொண்டார். அவ்வளவு லேசாக முடியும் என்று நான் நினைக்கவில்லை.

அங்கேதான் தப்புச் செய்தேன். சூடம் வாங்க மறந்திருந்தேன். கடை தெருவின் முதல் முனையில். என் வீடு கடைசி. வெயிலில் எவள் வாசலில் நிற்கப்போகிறாள் என்று நினைத்துப் போய்விட்டேன். அன்றைக்குப் பார்த்து எல்லாரும் வாசலில் உட்கார்ந்து தலை சீவிப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் தாண்டிப் போனபிறகு, முதுகுக்குப் பின்னால் ஒரு பேச்சு மட்டும் காதில் விழுந்தது.

"ஏத்தா, முப்பத்தொம்பது பச்சையில போகுது."

"அவளே கட்டிட்டாளா? அப்ப எல்லாரும் கட்டியாச்சா?"

"எவளும் நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரேன்."

தகரப்பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அடுத்த வீட்டில் ஒரு பெட்டி. எதிர்வீட்டில் ஒன்று. நான் சூடம் வாங்கி முடிப்பதற்குள் தெரு முழுக்கப் பெட்டி திறக்கிற சத்தம்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பயந்துபோய், ஓடிப்போய் அரக்குக்கு மாற்றிக்கொள்வோம் என்று திரும்பினேன். முதல் வீட்டு மதினி வாசலிலேயே வழிமறித்தார். பாசிப்பச்சையில் இருந்தார். கொசுவம் கோணல்மாணலாகத் தொங்கியது.

"எப்படி மாத்துனாங்க?" என்றார் மூச்சு வாங்க. "எனக்கு எந்தச் சிறுக்கியும் சொல்லல. நல்லவேளை உன்னையப் பாத்தேன். நீயே கட்டிட்டயின்னா தெருவுல நான் ஒருத்திதான் பாக்கின்னு ஓடிப்போய் மாத்துனேன்."

"இல்ல மதினி, அது வந்து..."

"சரி சரி, செத்த நேரம் இந்தப் பின்னைப் பிடி."

பின்னைப் பிடித்தேன்.

அவரைப் பார்த்து இன்னும் ஐந்தாறு பேர். ஆனால் பாதிப் பேருக்கு மேல் என்னைப் பார்த்தே மாற்றினார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. சைபர் கட்டினால் அவள் கட்டினாள் என்றுதான் அர்த்தம். முப்பத்தொன்பது கட்டினால் ஊரே கட்டிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பெண் எங்கள் எண்ணை எல்லாம் நாலு பேர் காதில் விழுகிற மாதிரிக் குழாயடியில் கேட்டிருக்கக் கூடாது.

கடைசியாக வந்தவர் என் நாத்தனார். காலையிலிருந்தே கோயில் வேலையில் இருந்தவர், அரக்கு உடுத்தி ஜம்மென்று தெருவுக்குள் நுழைந்தார். எங்கே பார்த்தாலும் பச்சை. நின்றுவிட்டார்.

"என்னடி இது, எனக்குத் தெரியாம?"

"உனக்குத் தெரியாதா?" என்றார் முதல் வீட்டு மதினி. அதைக் கேட்ட சந்தோசத்தில் அவருக்குக் கொசுவம் கோணின கவலைகூடப் போய்விட்டது.

நாத்தனார் ஒரு நொடி யோசித்தார். "எனக்குத் தெரியாம இருக்குமா? கோயில்ல சோலி, அதான் மாத்த நேரமில்ல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்ப் பச்சையில் திரும்பி வந்தார்.

நாற்பது பச்சை, தலையில் நாற்பது முளைப்பாரி. கோயில் முக்கில் அட்டையோடு நின்றிருந்தாள் அந்தப் பெண். வரிசை திரும்பி வருவதைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. நான் கடைசியில் அவளைத் தாண்டும்போது, "அக்கா, அரக்குன்னு எழுதிக் குடுத்துட்டேனுங்களே" என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அப்போது என் கவலை வேறு. தனியாகத் தெரிய வேண்டும் என்று நான் கட்டவில்லை, தெரியக் கூடாது என்றுதான் கடைசியில் நிற்கத் திட்டம் போட்டேன். அதற்காக இப்படி ஒரேயடியாகத் தெரியாமல் போகும் என்றும் நினைக்கவில்லை. அத்தனை பச்சைக்குள் என் மழைப்புள்ளியை ஒருத்தி பார்க்கவில்லை.

ராட்டினத்தில் சுற்றினது மாதிரி மூன்று நாள் தெருவில் ஒரே பேச்சு. முதல் நாள், "எவடி மாத்துனது?" என்று எல்லோரும் எல்லோரையும் வைதார்கள். இரண்டாம் நாள் அடுத்த தெருவிலிருந்து ஒரு பேச்சு வந்தது. பாரியும் பச்சை, சேலையும் பச்சை, நாற்றங்கால் எழுந்து நடந்து வந்த மாதிரி இருந்தது என்று அவர்களே வாய்விட்டுச் சொன்னார்களாம். மூன்றாம் நாள், "மாத்துனவ நான்தான்" என்று சொல்ல ஆள் வந்துவிட்டது. ஒருத்தி இல்லை, மூன்று பேர்.

அந்தப் பெண் அட்டையோடு குழாயடிக்கு வந்தாள். தப்பு எங்கே நடந்தது என்று சாருக்குக் காட்டியாக வேண்டும். "யாருங்க மொத மொத பச்சைன்னு சொன்னது?"

"நான்தான் முப்பத்தொம்பதுகிட்டச் சொன்னேன்" என்றார் முதல் வீட்டு மதினி. "இந்த வருசம் பச்சை கட்டுனா நல்லாருக்கும்னு போற போக்குல ஒரு வார்த்தை சொன்னேன்."

"பச்சைய எடுத்து வெயில்ல போடுடின்னு நான் சொல்லித்தான் அவளுக்கு அந்த நெனப்பே வந்துச்சு" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

நாத்தனார் இரண்டு பேரையும் ஒதுக்கினார். "அவ என் தம்பி பொண்டாட்டி. நான் சொல்லாம அவ தண்ணி குடிப்பாளா? எழுதிக்க."

அந்தப் பெண் என் புள்ளியை நோக்கி மூன்று அம்புக்குறி போட்டாள். அவள் முகம் தெளிந்தது. மூன்று பேர் சொல்லி ஒரு கொட்டை நகர்ந்தது என்றால் சார் ஒத்துக்கொள்வார். நான் குடத்தோடு பக்கத்திலேயே நின்று அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று அம்பும் பென்சிலில் அழுத்தமாக விழுந்திருந்தது. இதைத் தைத்துப் புத்தகமாக்கி எங்கேயோ கொண்டுபோய் வைப்பார்கள் என்று அவள் முன்னால் சொல்லியிருந்தாள். வைத்துவிட்டால், நான் கட்டினது நான் கட்டினதாக இருக்காது.

"அழி தாயி" என்றேன்.

சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. குடம் நிரம்பி வழிந்தது, யாரும் குழாயை மூடவில்லை.

"எதைங்க்கா?"

"மூணையும். எனக்கு ஒருத்தரும் சொல்லல. நான் யாரையும் பாக்கல. அந்தப் பச்சை எனக்குப் பிடிச்சிருந்துச்சு. நானாக் கட்டுனேன்."

நாலு வாக்கியம். எண்ணிப் பார்த்தேன், நாலுதான். நாத்தனார் சிரித்தார். "யாரு, நீயா? வெயிலு அடிச்சிருச்சா புள்ள?" குழாயடி மறுபடி சிரித்தது. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். என் காலைக்கூட ஒரு தரம் பார்த்தாள்.

"அப்படின்னா இது என் கணக்குல எங்கயும் உட்காராதுங்களே அக்கா."

"அதுக்கு நான் என்ன தாயி செய்ய?"

அவள் பையில் ரப்பரைத் தேடினாள். கிடைக்கவில்லை. விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தாள். முதல் அம்பு மங்கியது. இரண்டாவது கறுப்பாக ஈஷியது. மூன்றாவதுக்குத் தாள் கிழிந்து, என் புள்ளி இருந்த இடத்தில் விரல் போகிற அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. நான் பதறிப்போய், சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்ங்க்கா, இருக்கட்டும்" என்றாள். தாளை உருவி அந்த ஓட்டை வழியாகக் குழாயடியை ஒரு தடவை பார்த்துவிட்டு, அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். சாரிடம் என்ன சொன்னாளோ, வசவு வாங்கினாளோ எனக்குத் தெரியாது.

நானும் நாத்தனாரும் குடத்தோடு வீட்டுக்கு நடந்தோம். எதிர்வீட்டுக்காரி தாண்டிப் போனதும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சரி, எங்கிட்ட மட்டும் சொல்லு. யாரு சொன்னா?" என்றார்.

"யாரும் சொல்லல மதினி. நான்தான்."

இன்னும் நாலு வீடு தாண்டி நடந்தார்.

"சரி விடு. சொல்ல மாட்டேன்னா போ."